அடித்துவிட்ட வரி

நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரருக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொன்னால், என் அக்கா வீட்டுக்காரர் ஒரு முழுத் தாளை நிரப்புவார். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், போகாவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள், திரும்பி வர எத்தனை நாள் ஆகலாம், இதனால் பால்காரர் மனம் வருந்தக் கூடாது என்பது வரை அதில் வரும். பால் வேண்டாம் என்பது கடைசிக்கு முந்தின வரியில் இருக்கும். பால்காரர் மேலே இரண்டு வரியைப் படித்துவிட்டு, ஏதோ நல்ல செய்தி என்று வழக்கம்போல் பாலை ஊற்றிவிட்டுப் போவார். ஊரிலிருந்து திரும்பி வந்தால் வாசலிலேயே திரிந்த பால் வாடை அடிக்கும்.

"நான் எழுதித்தானே வச்சேன்? படிக்காதது அவன் தப்பு" என்பார் அத்தான்.

"படிக்கிற மாதிரி எழுதாதது யார் தப்பு?" என்பாள் அக்கா.

வீட்டில் இது வேடிக்கை. வேலையில் அப்படி இல்லை. அத்தான் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பிணத்தைத் தொடுகிற வேலை இல்லை, பார்த்து எழுதுகிற வேலை. யாரென்று தெரியாத உடல் ஒன்று வந்தால், அதைப் பற்றி ஓர் அறிவிப்பு எழுதி ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கம்பி வலை போட்ட பலகையில் ஒட்ட வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்கள் அங்கே நின்று படிப்பார்கள். கெடு முடிவதற்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் நகராட்சி வண்டி வந்து எடுத்துப் போய்ப் புதைத்துவிடும். முகம் நன்றாக இருந்தால் படம் ஒட்டுவார்கள். முகம் இல்லாதவர்களுக்கு அத்தானின் எழுத்துதான் முகம்.

எதிர்ச் சாரியில் என் ஜெராக்ஸ் கடை. ஆஸ்பத்திரிப் பிரிண்டர் வருஷத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும், மீதி நாள் மை இருக்காது. அதனால் அத்தான் கையால் எழுதிய தாளோடு தெருவைக் கடந்து வருவார், நான் டைப் செய்து கொடுப்பேன். அந்த வகையில் அவர் எழுதியதை முழுசாகப் படித்த ஒரே ஆள் நான்தான். தலையெழுத்து.

"இவருடைய உள்ளங்கையைப் பார்க்கும்போது, வாழ்நாளெல்லாம் பாரம் தூக்கிய மனிதர் என்று எண்ணத் தோன்றுகிறது. இவரைப் பெற்றவர் எங்கோ ஒரு வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்." இப்படிப் போகும். தாள் நிறைந்துவிட்டால் பின்பக்கமும் போகும். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குத் தொடர்கதை என்று பேர் வைத்திருந்தார்கள். நேருக்கு நேராகவே, "என்ன தொடர்கதை, இன்னைக்கு எத்தனாவது அத்தியாயம்?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் அவர் ஒவ்வொரு உடலுக்கும் நேர்மையாகத் துக்கப்பட்டுத்தான் எழுதினார். அதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் எரிச்சலும் பாசமும் சேர்ந்தே வந்தது.

ஒரு நாள் ஒரு பெண் பலகையிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். பலகையில் இருக்கும் தாள் என் கடையில் அடித்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, அதுல சட்டை என்ன கலர்னு எங்க போட்டிருக்கு? நானும் மூணு தடவை படிச்சிட்டேன், கண்ணுக்கு அகப்படல" என்றாள். தேடுகிறவர்களின் கண் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அது வாக்கியம் வாக்கியமாகப் படிக்கிற கண் இல்லை. பச்சைச் சட்டை எங்கே, வெட்டுத் தழும்பு எங்கே என்று தாவித் தாவித் தேடுகிற கண். சட்டை நிறம் பின்பக்கம் போய்விட்டது, பின்பக்கத்தை ஒட்ட முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் புதிய கண்காணிப்பாளர் வந்தார். பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. அத்தான் எழுதிய அறிவிப்பை அவர் சிவப்புப் பேனாவோடு படித்தார் என்று அத்தானே வந்து சொன்னார்.

"சாகறதுக்கு முன்னாடி இவர் என்ன நெனச்சார்னு உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல மேடம்."

"அப்ப ஏன் எழுதறீங்க? நாலு வரி. வயசு, உயரம், நிறம், உடை. அஞ்சாவது வரி இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அத்தான் அன்று என் கடையில் வந்து உட்கார்ந்து, வாங்கிய டீயை ஆற விட்டார். "மனுஷனை நாலு வரியில அடக்க முடியுமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த அம்மாள் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. அதைச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனார்.

ஆனால் மனிதர் கற்றுக்கொண்டார். அவரால் எடுத்த எடுப்பில் சுருக்கமாக எழுதவே முடியாது. முதலில் மனம் போல நீளமாக எழுதிவிடுவார். பிறகு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொரு வரியாக அடிப்பார். முதலில் தன் வருத்தத்தை அடித்தார். பிறகு ஊகங்களை. "என்று எண்ணத் தோன்றுகிறது" என்ற தொடரை அடிக்கும்போது பல் பிடுங்குகிற முகம். நாளடைவில் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. "மச்சான், இங்க பாரு. 'நீல நிறத்தில் அமைந்த சட்டை'ன்னு எழுதியிருந்தேன். நீலச் சட்டை. முடிஞ்சுது" என்று குழந்தை மாதிரி காட்டுவார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பலன் இருந்தது. பலகை முன்னால் நின்று குழம்புகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு தழும்பை வைத்து ஒரு தம்பி தன் அண்ணனைக் கண்டுபிடித்து எடுத்துப் போனான். தங்கப் பல்லை வைத்து ஒரு கிழவரை அவர் பேத்திகள் வந்து வாங்கிப் போனார்கள். கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவை எடுப்பதையே விட்டுவிட்டார். அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். விடுதியில் படிக்கும் மகளுக்கு வழக்கமாக ஆறு பக்கம் எழுதுகிறவர், "நலம். படி. அம்மா நலம்" என்று எழுதி அனுப்பினார். மகள் பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு என்ன ஆச்சு, உண்மையைச் சொல்லும்மா" என்று அழுதாள். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி, காஞ்ச மாடு கம்புல பாஞ்ச மாதிரி எல்லாத்தையும் வெட்டிக்கிட்டு இருக்காரு" என்றாள் அக்கா.

பூட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் மகன் வீட்டை விட்டுப் போனவன். தொழில் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். "அப்ப இந்த வீட்டுல உனக்குச் சோறு இல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அவன் நிஜமாகவே எழுந்து போய்விட்டான். போலீசில் சொன்னார், சொந்தக்காரர்கள் வீடெல்லாம் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பலகையைப் பார்க்க வந்தவர், அப்புறம் பெட்டியையும் அரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி மதிலோரமாகவே கடை போட்டுவிட்டார். பூட்டு, சாவி, குடை, பை எது வேண்டுமானாலும் சரி செய்வார். காலையில் வந்ததும் பலகையைப் படிப்பார். மகன் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

அத்தானுக்கும் அவருக்கும் பழக்கம். அத்தான் டீ வாங்கிக் கொடுப்பார், பேச்சுக் கேட்பார். பூட்டுக்காரர் மகனைப் பற்றி நிறையப் பேசுவார். பிடிவாதக்காரன், கோபம் வந்தால் தட்டைத் தள்ளுவான், ஆனால் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் பக்கத்தை விட்டு நகராதவன். இருபத்து நான்கு வயது. போகும்போது வெள்ளைச் சட்டை. செருப்பைப் பற்றி அவர் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. செருப்பு ஒரு விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

மழை முடிந்த மாதத்தில் கால்வாயிலிருந்து ஓர் உடல் வந்தது. தண்ணீரில் நாட்பட ஊறியது. முகம் கிடையாது. அத்தான் எழுதிய தாள் என் கைக்கு வந்தபோது அதில் பாதிக்கு மேல் அடித்திருந்தது. மிச்சம் இதுதான்:

ஆண். வயது சுமார் முப்பத்தைந்து.
நடுத்தர உயரம், மாநிறம்.
நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை.
கறுப்புச் செருப்பு.

செருப்பு என்ற வார்த்தைக்கு அடுத்து, இன்னும் அடிக்காத ஒரு நீள வரியும் இருந்தது. இடது செருப்பின் வார் அறுந்து, நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டை வைத்து ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது என்று. அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது அஞ்சாவது வரிக்குப் போயிடும். பிஞ்ச செருப்பு எல்லார்கிட்டயும்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நான் டைப் செய்தேன். அவர் ஒட்டினார்.

மறுநாள் காலை பூட்டுக்காரர் அதைப் படித்ததை என் கடையிலிருந்தே பார்த்தேன். மெதுவாக, உதடு அசையப் படித்தார். பிறகு தெருவைக் கடந்து என் கடைக்கு வந்து, பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னார். "முப்பத்தஞ்சு வயசாம். யாரு பெத்த புள்ளையோ" என்றார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. கெடு முடியும் வரை அந்தத் தாள் பலகையில் இருந்தது. பிறகு வண்டி வந்து எடுத்துப் போனது.

சில மாதங்கள் போயின. அத்தானின் தோள்பை வார் அறுந்துவிட்டது. சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று பூட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பையோடு என் கடைக்கு வந்தவர் உட்காரவில்லை. பையை மேசை மேல் வைத்து வாரைத் திருப்பிக் காட்டினார். பூட்டுக்காரர் தேய்ந்துபோன பழைய பித்தளைச் சாவி ஒன்றைத் தட்டித் தட்டையாக்கி, அதைத் தகடாக வைத்து, சாவி கோக்கிற துளை நடுவில் அப்படியே தெரிய, இரண்டு பக்கமும் ஆணி அடித்திருந்தார்.

"வேற யாரு இப்படித் தைப்பாங்க மச்சான்?" என்று கேட்டார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் அடித்துவிட்ட செருப்பு வரி நினைவுக்கு வந்தது.

அவர் அப்படியே திரும்பிப் போய், கேட்பாரற்ற உடைகளை மூட்டை கட்டி வைத்திருக்கும் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். செருப்பு இருந்தது. அதிலும் அதே போல ஒரு சாவி. மகன் வேறு சட்டை வாங்கிக்கொண்டிருக்கிறான், எங்கோ வேலை பார்த்திருக்கிறான், யாரிடம் கோபித்துக்கொண்டு போனானோ அந்த அப்பா தைத்துக் கொடுத்த செருப்பை மட்டும் மாற்றவில்லை.

அத்தான் முதலில் கண்காணிப்பாளரிடம் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டார். தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை என்றுதான் அத்தான் சொன்னார், ஆனால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"நாலு வரின்னு நான்தான் சொன்னேன். எந்த நாலுன்னு பார்க்க வேண்டியது நீங்க. தழும்பு, பல்லு எல்லாம் உடைங்கற வரியில நீங்க எழுதினப்ப நான் கையெழுத்துப் போடலையா?" என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட சொல்லணும்னா வாயால சொல்லுங்க. எழுத்துல ஒண்ணும் கொடுக்காதீங்க. கொடுத்தா நான் உங்களைக் காப்பாத்த முடியாது" என்றாராம்.

வீட்டில் அக்கா வேறு மாதிரி சொன்னாள். "உங்க வாயை நம்பி அனுப்ப முடியாது. நீங்க ஆரம்பிச்சா, அந்த மனுஷன் உங்க கஷ்டத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும். எழுதிக் கொடுங்க. வேலை போனா போகுது." பேச்சுக்குப் பேச்சு அவரைக் கிண்டல் செய்கிறவள் அன்று கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் மதியம் அத்தான் இரண்டு தாளோடு வந்தார். பழைய அத்தான் திரும்பி வந்திருந்தார். "வணக்கம். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரவெல்லாம்" என்று ஆரம்பித்திருந்தது. தண்ணீரில் ஊறிய உடலில் வயதைக் கணிப்பது எவ்வளவு சிரமம், டாக்டர் சொன்ன வயது எது, அலுவலக விதி என்ன, தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பது எல்லாம் வந்தது. படித்து முடித்துவிட்டுக் கேட்டேன்:

"அத்தான், பையன் செத்துட்டான்கிறது இதுல எங்க வருது?"

"ரெண்டாவது தாள்ல."

அவரே கேட்டுக்கொண்டார், தான் சொன்னதை. தாளை என்னிடமிருந்து வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். அன்று அவர் அடித்த விதத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வணக்கத்தை அடித்தார். இரவெல்லாம் தூங்காததை அடித்தார். டாக்டரை அடித்தார். கண்காணிப்பாளரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, அதன் மேல் பேனா நின்றது.

"அது உண்மைதானே அத்தான்? இருக்கட்டும்" என்றேன். எனக்கு அந்த அம்மாள் மேல் அவ்வளவு ஆத்திரம்.

"உண்மைதான். ஆனா பேனாவைப் பிடிச்சது என் கை" என்று சொல்லி அடித்தார். மகளை அடித்தார். கடைசியில் மன்னிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அது இருக்க வேண்டும் என்று நான் வாதாடினேன்.

"மன்னிச்சிடுங்கன்னு எழுதினா அவர் எனக்குப் பதில் சொல்லணும் மச்சான். பரவால்லன்னு சொல்லணும், இல்ல திட்டணும். செத்தது அவர் புள்ளை. அவர் ஏன் என்னைப் பார்த்துக்கணும்?"

அதையும் அடித்தார். நான் டைப் செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்று புதுத் தாளில் கையாலேயே எழுதினார். "உங்கள் மகன் இறந்துவிட்டார். கால்வாயில் கிடைத்த உடலின் இடது செருப்பில் நீங்கள் வைத்த சாவித் தகடு இருந்தது. அறிவிப்பில் முதலில் அதை எழுதினேன். பிறகு நானே அடித்துவிட்டேன்." கீழே கையெழுத்துப் போட்டு, பதவியையும் எழுதினார். அந்தக் கையெழுத்துக்காகப் பிறகு அவரை விசாரித்தார்கள், பதவியிறக்கிச் சலவைப் பிரிவில் மூட்டை எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். அதற்கு அவர் ஒரு வரி ஆட்சேபம்கூட எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அந்தத் தாள்தான். எழுத வேண்டியே வந்திருக்கக் கூடாத தாளும் அதுதான்.

நானும் கூடப் போனேன். பூட்டுக்காரர் ஒரு பூட்டைப் பிரித்துப்போட்டு அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும், "வாங்க சார், வார் நிக்குதா?" என்றார். அத்தான் தாளை நீட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பலகையைப் படிப்பது போலவே உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க பொதைச்சிருக்கு?"

அத்தான் இடத்தைச் சொன்னார். வரிசையைச் சொன்னார்.

"தாடி வச்சிருந்தானா?"

"தெரியலண்ணே."

"இளைச்சிருந்தானா?"

தண்ணீரில் ஊறியதை அத்தான் எப்படிச் சொல்வார்? "தெரியல" என்றார் மறுபடியும்.

பூட்டுக்காரர் குனிந்து, பிரித்துப்போட்ட பூட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருவர் வந்து சாவி ஒன்று போட வேண்டும் என்று கேட்டார். நான் அவரைக் கையசைத்து அனுப்பினேன்.

"அன்னைக்கு அதைப் படிச்சேன் சார். படிச்சிட்டு இவர் கடையில போய் டீ குடிச்சேன்" என்று என்னைக் காட்டினார். "நம்ம புள்ளை இல்லன்னு சந்தோஷப்பட்டுக் குடிச்சேன். நீங்க எழுதியிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பேன். என் கையாலயாவது மண்ணைப் போட்டிருப்பேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "ஏன் சார் அடிச்சீங்க?"

தாளில் வெட்டிப்போட்டதெல்லாம் அத்தானுக்கு வாயில் வந்துவிட்டது. "நாலு வரிதான் எழுதணும்னு... அதுக்கு மேல இடம் இல்லைன்னு..."

"இடமா?" என்றார் பூட்டுக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. "கீழ பாதித் தாள் சும்மாதானே சார் கெடந்துச்சு. அதை எடுக்கற வரைக்கும் தினமும் காலையில நான் பார்த்தேனே."